இரண்டாவது கேமரா

வங்கிப் பணித் தேர்வுகளை நடத்தும் ஐபிபிஎஸ் நிறுவனத்தின் இணைய விண்ணப்பத்தில் புகைப்படத்துக்கென்று சில அளவுகள் உண்டு: 200 பிக்சல் அகலம், 230 பிக்சல் உயரம், கோப்பின் அளவு 20 முதல் 50 கிலோபைட்டுக்குள். கையெழுத்துக்கு 140-க்கு 60 பிக்சல், 10 முதல் 20 கிலோபைட். விண்ணப்பிக்கும் இளைஞரின் கைப்பேசியோ ஒரே தட்டில் 1 கோடியே 20 லட்சம் பிக்சல் கொண்ட படத்தை எடுத்துத் தருகிறது. நடுவில் இருக்கும் இடைவெளியைத் தாண்டும் வேலை அவர் தலையில் விழுகிறது. பிரவுசிங் சென்டரில் இருப்பவர் ஏதோ ஓர் இலவச இணையதளத்தில் படத்தைக் கொடுத்து, திரும்பி வரும் சிறிய படத்தை விண்ணப்பத்தில் ஏற்றிவிடுகிறார். சைஸ் குறைந்துவிட்டது, வேலை முடிந்தது. பெரிய படத்துக்குள் சிறிய படம் முன்பே இருக்கிறது, மிகுதியைக் கழித்துவிட்டால் கிடைத்துவிடும் என்கிற எண்ணம் இந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. அப்படி எதுவும் உள்ளே இருப்பதில்லை. சிறிய படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்பதைப் புதிதாக முடிவு செய்தாக வேண்டும். லென்ஸ் வழியே வந்த ஒளியை அளந்து முதல் கேமரா ஒரு படத்தை உண்டாக்கியது. அந்தப் படத்தை அளந்து மென்பொருள் இன்னொரு படத்தை உண்டாக்குகிறது. ஆகவே, படங்களைப் பெற்றுச் சிறிதாக்கும் ஒவ்வொரு இணையச் செயலியும் இரண்டாவது கேமரா. அதை எழுதுகிறவர் இரண்டாவது புகைப்படக்காரர். இதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று முடிவெடுக்கும் பொறுப்பு முதல் புகைப்படக்காரருக்கு எவ்வளவு உண்டோ அவ்வளவு இவருக்கும் உண்டு.

கணக்கோடு பார்ப்போம். கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் 3,000 பிக்சல் அகலம், 4,000 பிக்சல் உயரம். அதில் முகம் நடுவே வரும்படி 3,000-க்கு 3,450 என்று வெட்டிக்கொண்டால், அது 200-க்கு 230 என்ற வடிவத்துக்குச் சரியாகப் பொருந்தும். இரண்டு பக்கத்திலும் விகிதம் 15. அதாவது புதிய படத்தின் ஒரு பிக்சல், பழைய படத்தில் 15-க்கு 15 என்ற ஒரு சிறு சதுரத்தின் இடத்தில் நிற்கப் போகிறது. 225 பிக்சல்களுக்கு ஒரே ஒரு பிரதிநிதி. அந்தப் பிரதிநிதியை எப்படித் தேர்ந்தெடுப்பது? மிக எளிய வழி, சதுரத்தின் நடுவில் இருக்கும் பிக்சலை அப்படியே எடுத்துக்கொள்வது. வேகமானது, எழுதுவதற்கும் ஓரிரு வரிகள் போதும். ஆனால் மீதி 224 பிக்சல்களையும் அது கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. அடுத்ததாக இருநேரியல் இடைக்கணிப்பு என்னும் முறை, அருகருகே உள்ள 4 பிக்சல்களைப் பார்க்கிறது. அதற்கும் மேலான மும்படி இடைக்கணிப்பு 16 பிக்சல்களைப் பார்க்கிறது. பெயர்கள் கம்பீரமாக இருந்தாலும், 15 மடங்கு சிறிதாக்கும்போது முதலாவது 221 பிக்சல்களையும் இரண்டாவது 209 பிக்சல்களையும் படிக்காமலே தள்ளிவிடுகின்றன. இந்த முறைகள் படத்தைச் சற்றே பெரிதாக்கவோ சற்றே சாய்க்கவோ உருவானவை. பக்கத்துப் பிக்சல்களுக்கு நடுவே என்ன இருக்கும் என்று ஊகிப்பது அவற்றின் வேலை. கூட்டத்தில் உள்ள 225 பேரின் கருத்தையும் கேட்டுத் தொகுப்பது வேறு வேலை.

படிக்காமல் தள்ளுவதால் வெறும் நுணுக்கம்தான் போகிறது என்றால் அது பெரிய குற்றமில்லை. நுணுக்கம் போவதோடு, இல்லாத ஒன்று வந்து சேர்கிறது என்பதே சிக்கல். நெருக்கமான கட்டம் போட்ட கைத்தறிச் சேலையின் படத்தை ஒரு விற்பனைத் தளத்தில் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். அதன் கோடுகள் மூலப் படத்தில் 16 பிக்சலுக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப வருகின்றன. நாம் 15 பிக்சலுக்கு ஒன்றாகப் பொறுக்குகிறோம். முதல் முறை கோட்டின் நடுவில் விழுந்தால், அடுத்த முறை ஒரு பிக்சல் தள்ளி, அதற்கடுத்து இன்னொரு பிக்சல் தள்ளி விழும். 16 முறை பொறுக்கிய பிறகே மறுபடி கோட்டின் நடுவுக்கு வருவோம். விளைவாக, சிறிய படத்தில் 16 பிக்சலுக்கு ஒன்றாகத் தடித்த பட்டைகள் தோன்றும். மூலப் படத்தின் கணக்கில் அது 240 பிக்சல். உண்மையான கோட்டிடைவெளியைப் போல 15 மடங்கு. நெசவாளர் நெய்யாத ஒரு வடிவத்தை மென்பொருள் நெய்துவிடுகிறது. ஒரு வடிவத்தைப் பிடிக்க வேண்டுமானால் அதன் ஒவ்வொரு சுழற்சிக்கும் இரண்டுக்கு மேற்பட்ட மாதிரிகள் எடுக்க வேண்டும் என்ற விதிக்கு, தந்திக் கம்பி வழியே செய்தி அனுப்புவது பற்றி ஹாரி நைக்விஸ்ட் 1928-இல் எழுதிய கட்டுரை வழிவகுத்தது. 1949-இல் கிளாட் ஷானன் அதைத் தெளிவான தேற்றமாக நிறுவினார். விதியை மீறினால் நுண்ணிய அலை மறைந்துபோவதில்லை, பொய்யான பெரிய அலையாக வேடமிட்டு வருகிறது. இந்தப் போலி வடிவத்துக்கு மொய்ரே என்று பெயர். நீரலை போன்ற பளபளப்புள்ள பட்டுத் துணிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் அது. ஒருமுறை வந்துவிட்டால், இது போலி, இது நிஜம் என்று சிறிய படத்தை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல எந்தக் கணக்காலும் முடியாது.

பரிகாரம் எளிமையானது: பொறுக்குவதற்கு முன் எல்லாரையும் கேட்க வேண்டும். 225 பிக்சல்களையும் கூட்டிச் சராசரி எடுத்தால், அந்த நெருக்கமான கோடுகள் இரு நிறங்களும் கலந்த ஒரே சாயலாக மாறும். தூரத்தில் நின்று அதே சேலையைப் பார்க்கும் கண்ணுக்கும் அப்படித்தான் தெரியும். இதைவிடக் கூர்மையான விளிம்பு வேண்டுமென்றால், ஹங்கேரியில் பிறந்த கணிதவியலாளர் கொர்னேலியஸ் லாங்க்சோஸின் பெயரால் வழங்கும் வடிகட்டி இருக்கிறது. பரவலாகப் பயன்படும் அதன் வடிவம், நம் கணக்கில், ஒவ்வொரு புதிய பிக்சலுக்கும் 90-க்கு 90 பரப்பில் உள்ள 8,100 பிக்சல்களையும் வெவ்வேறு எடை கொடுத்துக் கேட்கிறது. இதெல்லாம் பாடநூலில் தீர்ந்துபோன விஷயம், நடைமுறையில் யாரும் தவறுவதில்லை என்று தோன்றலாம். கௌரவ் பர்மார், ரிச்சர்ட் ஜாங், ஜுன்-யான் ஜூ ஆகிய ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் புழங்கும் ஓப்பன்சிவி, டென்சர்ஃப்ளோ, பைடார்ச் ஆகிய மென்பொருள் நூலகங்களின் இயல்பான சிறிதாக்கல் செயல்பாடுகள் பொய் வடிவங்களைத் தோற்றுவிப்பதையும், அதனால் படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவுகளுக்கு இடப்படும் மதிப்பெண்களே மாறிவிடுவதையும் அவர்கள் காட்டினார்கள். அதற்கு முன்பே, 2019-இல், சீன ஆய்வாளர்கள் இதைவிட ஒரு படி மேலே சென்றிருந்தார்கள். மென்பொருள் எந்தப் பிக்சல்களை மட்டும் படிக்கும் என்று முன்கூட்டியே தெரிவதால், அந்தச் சிலவற்றை மட்டும் மாற்றினால் போதும்: பெரிதாக இருக்கையில் ஆட்டு மந்தையாகத் தெரியும் படம், சிறிதாக்கியதும் ஓநாயாக மாறுகிறது. பெரிய படத்தைப் பார்த்து ஒப்புதல் தரும் மனிதரும், சிறிய படத்தைப் பார்த்து முடிவெடுக்கும் இயந்திரமும் இரு வேறு காட்சிகளைக் காண்கிறார்கள். எல்லாப் பிக்சல்களையும் மதிக்கும் முறைக்கு எதிராக இந்த ஏமாற்று எளிதில் செல்லாது.

சராசரி எடுப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. எதன் சராசரி? படக்கோப்பில் 0 முதல் 255 வரை இருக்கும் எண்கள் ஒளியின் அளவை நேரடியாகச் சொல்பவை அல்ல. நம் கண் இருட்டில் உள்ள சிறு வேறுபாடுகளை நன்றாகக் காணும், வெளிச்சத்தில் உள்ளவற்றை அவ்வளவாகக் காணாது. அதற்கேற்ப எண்கள் வளைத்து எழுதப்படுகின்றன. 1996-இல் எச்பி, மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் முன்மொழிந்து பின்னர் சர்வதேசத் தரமான எஸ்ஆர்ஜிபி முறையில், 128 என்ற எண் குறிப்பது முழு வெளிச்சத்தில் ஏறத்தாழ 22 சதவீதத்தைத்தான். சரிபாதி வெளிச்சத்தைக் குறிக்கும் எண் 188. கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் சதுரங்கக் கட்டத்தைச் சிறிதாக்கும்போது, தூரத்துப் பார்வைக்கு அது அனுப்பும் ஒளி பாதி. ஆகவே விடை 188 ஆக வேண்டும். எண்களை அப்படியே கூட்டி இரண்டால் வகுக்கும் மென்பொருள் 128 என்று எழுதிப் படத்தை இருட்டாக்கிவிடுகிறது. இரவு நேரத்து ஊர், கோபுரத்தின் விளக்குத் தோரணம், கருங்கூந்தலில் மல்லிகை என்று இருளும் சிறு ஒளியும் நெருங்கி நிற்கும் படங்களில் இந்தப் பிழை தெளிவாகத் தெரியும், ஒளிப்பொட்டுகள் மங்கிப்போகும். எண்களை முதலில் உண்மையான ஒளி அளவுகளாக மாற்றி, சராசரி எடுத்து, மறுபடி வளைத்து எழுதுவதே சரியான முறை. கூடுதல் வேலைதான், ஆனால் கேமரா அளப்பது ஒளியை என்பதை மறந்தவரே இதை வீண் வேலை என்பார்.

இங்கே முதல் மறுப்பு எழும். சிறிய படத்தை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? முகம் முகமாகத் தெரிந்தால் போதாதா? முகத்தைப் பொறுத்தவரை இதில் நியாயம் இருக்கிறது. தோலின் சாயல் மெதுவாக மாறுவது. எப்படிச் சிறிதாக்கினாலும் ஆளை அடையாளம் கண்டுவிடலாம். ஆனால் அதே விண்ணப்பத்தில் முகத்துக்குக் கீழே கையெழுத்து இருக்கிறது. வெள்ளைத் தாளில் போட்ட கையெழுத்தைப் படமெடுத்து 2,800 பிக்சல் அகலத்துக்கு வெட்டினால், 140 பிக்சலுக்கு வரும்போது 20 மடங்கு சிறிதாகிறது. பேனாக் கோட்டின் தடிமன் மூலத்தில் 10 பிக்சல் என்றால், புதிய படத்தில் அது அரைப் பிக்சல். 20-இல் ஒன்றைப் பொறுக்கும் முறையில் அந்தக் கோடு அகப்படுவதும் விடுபடுவதும் சரிபாதி வாய்ப்பு. சுழியும் கொம்பும் துண்டு துண்டாக உடையும். சராசரி எடுக்கும் முறையில் கோடு சாம்பல் நிறமாக வெளிறும், ஆனால் அறுபடாது. அடையாளத்துக்குச் சான்றாகக் கேட்கப்படுவது கையெழுத்து. சான்றை உடைத்து வாங்குவதில் பொருளில்லை. தெளிவாகத் தெரிவதெல்லாம் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கைக்கும் எச்சரிக்கை உண்டு. ஒரு கட்டட வரைபடத்தில் அறைகளின் பரப்பளவு எண்கள் ஜெராக்ஸ் நிறுவனத்தின் நகலெடுக்கும் கருவியில் வேறு எண்களாக மாறுவதை ஜெர்மானியக் கணினி அறிவியலாளர் டேவிட் கிரீசல் 2013-இல் வெளிப்படுத்தினார். ஒத்த உருவங்களை ஒன்றாகக் கருதி இடத்தை மிச்சப்படுத்தும் சுருக்க முறை, 6-ஐ 8 என்று சுத்தமாக, பிசிறில்லாமல் எழுதியது. மங்கலான எழுத்தைக் கண்டால் நாம் சந்தேகப்படுவோம். தெளிவான பொய்யை நம்பிவிடுவோம். எந்தப் படம் எப்போது சான்றாகும் என்பதைச் சிறிதாக்குகிறவர் முன்கூட்டியே அறிய முடியாது. ஆகவே, எல்லாப் படங்களையும் சான்றுக்குரிய கவனத்தோடு கையாள்வதே தகும்.

அளவு என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு பொருள்களுக்குப் பயன்படுத்துவதும் குழப்பத்தை வளர்க்கிறது. 200-க்கு 230 என்பது படத்தின் பரிமாணம். 50 கிலோபைட் என்பது கோப்பு பிடிக்கும் இடம். 46,000 பிக்சல்களை அப்படியே எழுதினால், ஒன்றுக்கு 3 பைட் வீதம் 1,38,000 பைட் ஆகும். அதைச் சுருக்கித் தருவது ஜேபெக் முறை. 1974-இல் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் வெளியிட்ட கோசைன் உருமாற்றமே அதன் இதயம். இந்த யோசனையை ஆராய நிதி கேட்டு அகமது அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு அனுப்பிய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இன்று உலகில் உலவும் புகைப்படங்களில் பெரும்பகுதி அந்தக் கணக்கின் மீது நிற்கிறது. 1992-இல் தரமாக வந்த ஜேபெக், படத்தை 8-க்கு 8 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் 64 அலைகளின் கலவையாக எழுதுகிறது. கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணலைகளைத் தோராயமாக எழுதி இடத்தை மிச்சம் பிடிக்கிறது. நிறத்தை இன்னும் தாராளமாகக் குறைத்து, பெரும்பாலும் 4 பிக்சல்களுக்கு ஒரே நிறக் குறிப்பைத் தருகிறது. ஆகவே, பரிமாணத்தைக் குறைக்காமலே கோப்பைச் சிறிதாக்கலாம். பரிமாணத்தைக் குறைத்த பிறகும் கோப்பு பெரிதாக இருக்கலாம். 20 கிலோபைட்டுக்குக் குறையக் கூடாது என்ற விதி, தரம் கெட்டுவிடக் கூடாது என்ற நல்ல நோக்கத்தின் மாற்று அளவுகோலாகத் தெரிகிறது. ஆனால் ஒரே நிறப் பின்னணியில் எடுத்த தெளிவான படம் இயல்பாகவே குறைந்த இடம் பிடிக்கும்; புள்ளிப் பிசிறுகள் நிறைந்த மோசமான படம் அதிக இடம் பிடிக்கும். கிலோபைட்டை வைத்துத் தரத்தை அளப்பது, பையின் எடையை வைத்து அரிசியின் தரத்தைச் சொல்வது போன்றது.

ஜேபெக்கின் இழப்பு ஒவ்வொரு முறையும் புதிதாக நிகழ்வது என்பதிலிருந்து ஒரு முக்கியமான விதி பிறக்கிறது: எந்த அளவு வேண்டுமானாலும் அதை மூலப் படத்திலிருந்தே உண்டாக்க வேண்டும், ஏற்கெனவே சிறிதாக்கியதிலிருந்து அல்ல. அதற்கு மூலப் படத்தைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். செலவு தாங்காது என்பது இதற்கு வரும் மறுப்பு. பெரிய அளவில் செய்தவர்களின் கணக்கைப் பார்க்கலாம். ஃபேஸ்புக் பொறியாளர்கள் 2010-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, 6,500 கோடிப் புகைப்படங்களை, ஒவ்வொன்றுக்கும் நான்கு அளவுகள் வீதம் 26,000 கோடிப் படங்களாக, 20 பெட்டாபைட்டுக்கு மேல் வைத்திருந்தார்கள். வாரத்துக்கு 100 கோடிப் புதிய புகைப்படங்கள் வந்தன. அந்தச் சுமையிலும் ஒரு படத்துக்கு ஒரே பிரதி என்று அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. பல அளவுகளையும் வைத்துக்கொண்டு, வட்டில் தேடும் வேலையைக் குறைக்கும் புதிய சேமிப்பு முறையை உருவாக்கினார்கள். பல அளவுகள் வைப்பது அச்சுறுத்தும் அளவுக்குச் செலவு வைப்பதுமில்லை. ஒவ்வொரு பிரதியும் முந்தையதில் பாதி அகலமும் பாதி உயரமும் கொண்டது என்றால் அதன் பிக்சல்கள் நாலில் ஒன்று. ஒன்று, அதில் கால், அதில் கால் என்று முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போனாலும் கூட்டுத்தொகை ஒன்றேகால் சொச்சம், அதாவது மூன்றில் நான்கு பங்கைத் தாண்டாது. எல்லாச் சிறிய பிரதிகளும் சேர்ந்து மூலத்தின் மூன்றில் ஒரு பங்குதான். திரைகள் ஆண்டுக்கு ஆண்டு கூர்மையாகின்றன, புதிய கோப்பு முறைகள் வருகின்றன; மூலம் கையில் இருந்தால் நாளைக்கு வேண்டியதை நாளை செய்துகொள்ளலாம். மூலத்தை எறிந்தவர் இன்றைய திரையின் எல்லைக்குள் அந்தப் படத்தை நிரந்தரமாகப் பூட்டுகிறார்.

மூலத்தை வைத்திருப்பதற்கு இன்னும் வலுவான மறுப்பு தனியுரிமையின் பக்கமிருந்து வருகிறது, அதை மதித்தே ஆக வேண்டும். கைப்பேசிப் படத்தோடு எக்சிஃப் என்ற குறிப்புத் தொகுதியும் சேர்ந்தே வருகிறது. எந்தக் கருவி, எந்த நேரம், கருவி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, அனுமதி தந்திருந்தால் எந்த அட்சரேகை, எந்தத் தீர்க்கரேகை என்பதெல்லாம் அதில் இருக்கும். பெலீஸ் நாட்டுக் காவல்துறை விசாரிக்கத் தேடிய மென்பொருள் தொழிலதிபர் ஜான் மெக்காஃபி தலைமறைவாக இருந்தபோது, 2012 டிசம்பரில் வைஸ் இதழ் வெளியிட்ட ஒரு படத்தில் இருந்த இடக்குறிப்பு, அவர் குவாத்தமாலாவில் இருப்பதை உலகுக்கே சொல்லிவிட்டது. வீட்டு வாசலில் எடுத்த குழந்தையின் படத்தை ஏற்றும் தாய்க்கு இப்படி ஒரு குறிப்பு உடன் போவது பெரும்பாலும் தெரியாது. ஆகவே வெளியே காட்டும் பிரதிகளில் இடக்குறிப்பு இருக்கவே கூடாது. மூலம் வெளியார் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். உரியவர் அழிக்கச் சொன்னால் உண்மையிலேயே அழிக்கப்பட வேண்டும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாக் குறிப்புகளையும் துடைப்பதும் தவறு. படம் எந்தப் பக்கம் நிமிர வேண்டும் என்பதை எக்சிஃப் 8 எண்களில் ஒன்றாகச் சொல்கிறது. அதைப் படித்துப் பிக்சல்களைத் திருப்பி வைப்பதற்கு முன்பே துடைத்துவிட்டால், இணையத்தில் அடிக்கடி காணும் படுத்துக் கிடக்கும் முகங்கள் பிறக்கின்றன. நிறங்களை எப்படிப் பொருள்கொள்ள வேண்டும் என்ற குறிப்பைத் துடைத்தால், புதிய கைப்பேசிகளின் அகன்ற நிறவெளியில் எடுத்த குங்குமச் சிவப்பு வெளிறிப்போகும். எடுத்தவரின் பெயரைத் துடைத்தால் ஒரு புகைப்படக் கலைஞரின் உரிமைக்கான தடயம் அழியும். முதலில் திருப்பு, நிறத்தை மாற்று, பிறகு தேர்ந்து துடை என்ற வரிசைதான் காப்பாற்றும்.

படத்தைத் திறப்பதே ஆபத்தாகும் சந்தர்ப்பங்களும் உண்டு. கோப்பாக 4 மெகாபைட் இருக்கும் கைப்பேசிப் படம், நினைவகத்தில் விரிந்ததும் 1 கோடியே 20 லட்சம் பிக்சலுக்கு 3 பைட் வீதம் 36 மெகாபைட் ஆகிறது. கெட்ட எண்ணத்தோடு செய்த கோப்பில் இந்த விகிதம் எல்லை மீறும். 30,000-க்கு 30,000 பிக்சல் முழுவதும் ஒரே நிறம் என்று ஒரு பிஎன்ஜி கோப்பு செய்தால், ஆயிரத்தில் ஒன்றாகச் சுருங்கிச் சுமார் 3 மெகாபைட்டில் அடங்கிவிடும்; திறந்தால் 2.7 ஜிகாபைட் கேட்கும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் அனுப்பினால் சர்வர் மூச்சு முட்டி விழும். அதனால்தான் பைத்தான் மொழியின் பில்லோ நூலகம் ஏறத்தாழ 9 கோடிப் பிக்சலைத் தாண்டினால் எச்சரிக்கிறது, அதைப்போல் இரு மடங்கைத் தாண்டினால் திறக்க மறுக்கிறது. கோப்பின் தலைப்பில் எழுதியிருக்கும் பரிமாணத்தை முதலில் படித்து, தகுதியானதை மட்டும் திறக்க வேண்டும். திறக்கும் மென்பொருளிலேயே ஓட்டை இருக்கலாம் என்பதற்கும் சான்றுகள் உண்டு. 2016 மே மாதத்தில், பல்லாயிரம் இணையதளங்கள் நம்பியிருந்த இமேஜ்மேஜிக் மென்பொருளில், படம் என்ற பெயரில் வரும் கோப்பு சர்வரில் கட்டளைகளையே இயக்கிவிடும் குறை வெளிப்பட்டது. 2023 செப்டம்பரில் வெப்பி என்னும் கோப்பு முறையில் உள்ள படங்களைத் திறக்கும் நூலகத்தில் கண்ட ஓட்டைக்காக குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகள் அவசரமாகத் திருத்தம் வெளியிட்டன. எனவே படங்களைத் திறக்கும் பணி, மற்றத் தரவுகளைத் தொட முடியாத தனி அறையில் நடக்க வேண்டும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, சிறிதாக்கும் வேலையைக் கைப்பேசியே செய்து அனுப்பிவிட்டால் என்ன என்பது இன்னொரு மறுப்பு. பாதி சரியான யோசனை இது. சிக்னல் ஒற்றைக் கோட்டில் ஊசலாடும் ஊரிலிருந்து விண்ணப்பிப்பவருக்கு 4 மெகாபைட் அனுப்புவதே பெரும்பாடு. அனுப்புமுன் ஓரளவு சிறிதாக்குவது அவருக்குச் செய்யும் உதவி. ஆனால் வாசலில் வருகிறவர் நீட்டும் கோப்பை, வந்த வழி தெரியாமல் சர்வர் நம்ப முடியாது. பரிசோதனையும் இறுதிப் படமும் அதன் கடமையாகவே இருக்கும். இரண்டு இடத்திலும் சிறிதாக்கினால் இரண்டு முறை இழப்பு நேரும் என்பதால், கைப்பேசி செய்வது தேவைக்கு மேல் தாராளமான அளவாக இருக்க வேண்டும். சர்வரின் வேலை அப்படி ஒன்றும் பளுவானதும் அல்ல. ஜேபெக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் முதல் எண், அந்த 64 பிக்சல்களின் சராசரியைத் தாங்கி நிற்கிறது. அதை மட்டும் படித்தால் 4,000-க்கு 3,000 படம், முழுதாக விரியாமலே, 500-க்கு 375 ஆகக் கிடைத்துவிடும். வளைத்து எழுதிய எண்களின் சராசரி அது என்பதால் மேலே சொன்ன இருட்டுப் பிழை கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். சிறு முன்னோட்டப் படத்துக்கு அதைப் பொறுக்கலாம், சேலைக் கடையின் முகப்புப் படத்துக்குப் பொறுக்கக் கூடாது. லண்டன் நேஷனல் கேலரியின் ஓவியங்களைத் துல்லியமாகப் பதிவு செய்யும் வசாரி திட்டத்தில் பிறந்த விப்ஸ் நூலகம், மாபெரும் படங்களையும் பட்டை பட்டையாகப் படித்துக் குறைந்த நினைவகத்தில் முடித்துவிடுகிறது. ஓவியங்களுக்கென்று பிறந்த கருவி இன்று எண்ணற்ற இணையச் செயலிகளின் பின்னால் உழைக்கிறது.

கடைசியாக, வடிவம் பொருந்தாதபோது எதை வெட்டுவது என்ற கேள்வி. ட்விட்டர் 2018 முதல், பார்ப்பவரின் கண் எங்கே போகும் என்று கணிக்கும் நிரலைக் கொண்டு படங்களைத் தானாக வெட்டியது. அது வெள்ளையர் முகங்களை விரும்பித் தேர்கிறது என்று 2020-இல் பயனர்கள் படங்களை ஏற்றிக் காட்டினார்கள். நிறுவனமே சோதித்து 2021 மே மாதத்தில் முடிவை வெளியிட்டது: சமநிலையிலிருந்து பெண்களுக்குச் சாதகமாக 8 சதவீதமும், வெள்ளையருக்குச் சாதகமாக 4 சதவீதமும் விலகல். இதைவிடக் குறைவான விலகல் கொண்ட நிரலைச் செய்வோம் என்று அவர்கள் சொல்லியிருக்கலாம். அதற்கு மாறாக, எப்படி வெட்டுவது என்ற முடிவை மனிதர்களிடமே விடுவது நல்லது என்ற இடத்துக்கு வந்து, படங்களை முழுதாகக் காட்டத் தொடங்கினார்கள். நான் இதைத் தோல்வியாகப் பார்க்கவில்லை. பிக்சல்களைச் சராசரி எடுப்பதில் கணக்குக்குச் சரியான விடை உண்டு, அதை இயந்திரம் செய்யட்டும். படத்தில் யார் இருக்க வேண்டும் என்பதற்குக் கணக்கில் விடை கிடையாது. அதைப் படத்துக்கு உரியவர் சொல்லட்டும். இரண்டாவது கேமராவுக்கும் முதல் கேமராவைப் போலவே ஒரு காட்சிக் கண்ணாடி வேண்டும், உரியவர் அதில் பார்த்துவிட்டுச் சம்மதிக்க வேண்டும்.

இப்போது அந்த விண்ணப்பத்துக்குத் திரும்பலாம். 200-க்கு 230 என்ற அளவில் தவறில்லை. லட்சக்கணக்கில் படங்களை வைத்துப் பார்க்க வேண்டிய நிறுவனத்துக்கு அது நியாயமான தேவைதான். அந்த அளவுக்குக் கொண்டுவரும் வேலை யாருடையது என்பதில்தான் தவறு நேர்கிறது. சராசரி எடுப்பது, ஒளியைச் சரியாகக் கூட்டுவது, திருப்பி நிமிர்த்துவது, இடக்குறிப்பை நீக்குவது, ஆபத்தான கோப்பை வாசலிலேயே நிறுத்துவது ஆகிய எல்லாவற்றையும் ஒரு குழு ஒருமுறை கவனமாக எழுதிவிட்டால், அத்தனை பேருக்கும் அது சரியாக நடக்கும். எழுதாமல் விட்டால், அதே வேலையை ஒவ்வொருவரும் தனித்தனியாக, கருவி தெரியாமல், முகத்தையும் கையெழுத்தையும் முன்பின் அறியாத ஓர் இலவசத் தளத்திடம் ஒப்படைத்துச் செய்துகொள்வார்கள். நல்ல செயலி கேட்க வேண்டியது ஒன்றே: எடுத்த படத்தை எடுத்தபடியே தாருங்கள். பிறகு அது தான் செய்த சிறிய படத்தைத் திரையில் காட்டி, இது உங்கள் முகம்தானே, இது உங்கள் கையெழுத்துதானே என்று கேட்க வேண்டும். அந்த 225 பிக்சல்களில் ஒன்றையும் கேட்காமல் தள்ளவில்லை என்று சொல்லக்கூடிய நிலையில் இருக்கும் செயலிக்குத்தான் அந்தக் கேள்வியைக் கேட்கும் தகுதி உண்டு.